பச்சைத் தண்ணி

"டேய் ஹிலால்! என் வண்டிய என்னடா பண்ற?"

தொழுகையும் சாப்பாடும் முடித்துத் திரும்பிய ஸஹ்ரான், கூடார வாசலிலேயே நின்று கத்தினான்.

அவனுடைய ரேஸ் பைக்குக்குப் பக்கத்தில் ஹிலால் குந்தியிருந்தான். ரேடியேட்டர் மூடி கழன்று கிடந்தது. கீழே ஒரு பேசின் நிறைய, இன்ஜினைக் குளிர்விக்கும் பச்சை நிறக் கூலன்ட். ஹிலால் கையில் குட்டி பாட்டில் ஒன்று. அதிலிருந்து இளஞ்சிவப்பாக எதையோ ரேடியேட்டருக்குள் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"கத்தாத. பழசை எடுத்துட்டு, ரெண்டு தடவை அலசி, பச்சைத் தண்ணி ஊத்தியிருக்கேன்."

"வெறுந்தண்ணியா? மஸ்கட் வெயில்லயா? காலைல ஓட்டிப் பாத்தப்பவே சூடு நூறைத் தாண்டிச்சு. தண்ணிய ஊத்தினா மூணாவது சுத்துல கொதிச்சு நின்னுடும்!"

"நிக்காது. அதுக்குத்தான் இந்த மருந்து. லிட்டருக்கு ரெண்டு மூடி. இன்ஜின் சூட்டை தண்ணி நல்லா இழுத்துக்கும்."

"அது இருக்கட்டும். என்னைக் கேக்காம ஏன் தொட்ட?"

ஹிலால் கந்தல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டான்.

ஸஹ்ரான் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். இரண்டு வருஷத்துக்கு முன் இதே ஓடுதளத்தில் ஹிலால் சறுக்கி விழுந்தான். தொடை எலும்பு மூன்று துண்டு. அதோடு அவன் பைக் ஓட்டுவது நின்றது. ஸஹ்ரானோடு பேசுவதும் நின்றது. எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான்.

'தன்னால ஓட்ட முடியல, நான் ஓட்டுறேன். அந்தப் பொறாமை' என்று ஸஹ்ரான் முடிவு கட்டிவிட்டான்.

இப்போது ஹிலால் தன் தம்பி மாஜிதுக்கு மெக்கானிக். இன்னும் ஒரு மணி நேரத்தில் தொடங்கும் ரேஸில் மாஜிதும் ஓடுகிறான்.

"தம்பி ஜெயிக்கணும்னு என் இன்ஜினை சாகடிக்கப் பாக்குறியா?"

கூட்டம் கூடிவிட்டது.

"கூடப் பொறந்தவன் மாதிரி இருந்தவனுக்கே இப்படியா?" என்றது ஒரு குரல்.

"நொண்டியானது காலு மட்டும் இல்ல போல!" என்றது இன்னொன்று.

ஸஹ்ரான் ஹிலாலின் சட்டைக் காலரைப் பிடித்தான். ஹிலால் உதறவும் இல்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அதுவே எல்லோருக்கும் இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது.

சத்தம் கேட்டு ஷம்ஸா வந்தாள். வண்டிகளைச் சோதித்து ஓடுதளத்துக்கு அனுப்பும் அதிகாரி அவள்தான்.

ரேடியேட்டருக்குள் விரலை விட்டு எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். பாட்டிலை வாங்கிப் படித்தாள். மூடியைப் போட்டு, "ஸ்டார்ட் பண்ணுங்க" என்றாள். பத்து நிமிஷம் இன்ஜினை உறும விட்டாள். சூடு காட்டும் எண் எண்பத்தைந்தைத் தாண்டவில்லை.

"தண்ணி, மருந்து. வேற எதுவும் இல்ல. வண்டி நல்லா இருக்கு."

ஸஹ்ரானுக்கு மனசு ஆறவில்லை.

"இங்க நல்லாத்தான் இருக்கும் மேடம். ரேஸ்ல போய்க் காலை வாரும். நான் பழைய கூலன்ட்டையே ஊத்திக்கறேன்."

"தாராளமா ஊத்துங்க. ஆனா உங்களை ஓட விடமாட்டேன். இந்த வருஷத்துலேர்ந்து அந்தக் கூலன்ட்டுக்குத் தடை. வாட்ஸ்அப் குரூப்புல போட்டேனே, படிக்கலையா?"

"அதுல தினம் இருநூறு ஸலாம் வருது மேடம். யார் படிக்கிறா?"

"இவர் படிச்சிருக்கார். காலைல உங்க வண்டில பச்சையப் பாத்திருப்பார்."

"எதுக்கு மேடம் தடை?"

"அது கீழ சிந்தினா லேசுல காயாது. எண்ணெய் மாதிரி வழுக்கும். பின்னால வர்றவன் விழுவான். தண்ணின்னா நிமிஷத்துல காஞ்சிடும்." ஷம்ஸா ஹிலாலைக் காட்டினாள். "இந்த விதியக் கொண்டு வரச் சொல்லி ஒரு வருஷம் என் ஆபீசுக்கு அலைஞ்சவர் இவர். அன்னிக்கு இவர் விழுந்தது அதுலதானாம். யார் வண்டிலேர்ந்து ஒழுகிச்சுன்னு எத்தனையோ தடவை கேட்டுட்டேன். வாயத் திறக்க மாட்டேங்கறார்."

ஸஹ்ரான் ஹிலாலின் காலைப் பார்த்தான்.

அந்த ரேஸ் ஸஹ்ரானுக்கு ஞாபகம் வந்தது. அவன்தான் முதலில் போய்க்கொண்டிருந்தான். ஏழாவது சுற்றில் ரேடியேட்டர் குழாய் வெடித்து, இன்ஜின் கொதித்து, ஓரமாக ஒதுங்கினான். திரும்பிப் பார்த்தபோது வளைவில் ஹிலால் கிடந்தான். யார் வண்டியிலிருந்தோ எண்ணெய் சிந்தியிருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். அவனும் அதைத்தான் சொன்னான்.

"ஹிலால்... எனக்குப் பின்னால வந்தது நீதானே?"

ஹிலால் குனிந்து, வண்டிக்கு அடியில் சிந்திக் கிடந்ததைத் துடைக்க ஆரம்பித்தான்.

"நேரமாச்சு. ஹெல்மெட்டை மாட்டு."

"தெரிஞ்சுமா ரெண்டு வருஷமா என்கிட்ட சொல்லல?"

ஹிலால் நிமிர்ந்தான். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஸஹ்ரான் முகத்தை நேராகப் பார்த்தான்.

"எப்படிடா சொல்லுவேன்? ஆஸ்பத்திரில நான் கண்ணு முழிச்சப்போ, 'இதுக்குக் காரணமானவன ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டேன்'னு என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டிருந்தது நீதானேடா."