நெடி போன இடம்

ஜன்னலைத் திறந்தால் ஈர வார்னிஷில் தூசி ஒட்டும் என்று, அறையை இறுக மூடிக்கொண்டு கதவுக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தார் வேலப்பன். காலையில் தின்னர் நெடி தாங்காமல் கத்திய அவருடைய மூக்கு, மத்தியானம் சந்தோஷமாகச் சொன்னது: "அப்பாடா, நெடி போயே போச்சு!"

"எங்கே போச்சுன்னு என்னைக் கேளு," என்றது கீழேயிருந்து கல்லீரல். "எல்லாம் இங்கேதான் வந்து உட்கார்ந்திருக்கு. ஒருத்தியா நான் எவ்வளவுதான் சுத்தம் பண்ணுவேன்?"

"உனக்கு எப்பவும் புலம்பல்தான் அக்கா."

"வாசல்ல நிக்கிறவன் நீ. குரைக்க வேண்டியவன், பழகினவங்கன்னு உள்ளே விட்டுட்டு வாலாட்டுறியே!"

"சண்டையை நிறுத்துங்க," என்றது மூளை, தள்ளாடியபடி. "எனக்குக் கதவு ரெண்டாத் தெரியுது. இதுல எந்தக் கதவுக்கு வார்னிஷ் அடிக்கிறது?"

வேலப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டே போய் ஜன்னலைத் திறந்தார். காற்று வந்தது, கூடவே ஒரு கொசுவும் வந்து, பளபளத்த கதவில் ஒட்டிக்கொண்டது. அவர் வெளியே போய் வேப்பமரத்தடியில் நெடுநேரம் நின்றார். பிறகு திரும்பி வந்து அறைக்குள் கால் வைத்தார்.

"ஐயோ, என்ன நாற்றம்!" என்று அலறியது மூக்கு.

"அப்படிக் கத்து, என் தங்கமே," என்றது கல்லீரல்.