ஒரே ஒரு சோப்பு

மருத்துவர் நடந்து காட்டச் சொன்னார்.

அவள் நடந்தாள். ஜன்னலை எட்டுவதற்குள் கால் கனத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"முட்டிதான் டாக்டர்," என்று முந்திக்கொண்டார் கணவர். பேருந்து ஓட்டுநர். எங்கே போனாலும் முன்னிருக்கை அவருக்குத்தான்.

முடக்குவாதம் வந்த நாளிலிருந்து அவள் உடம்பில் எது வலித்தாலும் பழி அதன் மேல்தான். விரல்கள் கோணியது அதனால். காலையில் பொத்தான் போட முடியாதது அதனால். இப்போது நடுவழியில் அவளை நிறுத்திவிடுவதும் அதனால் கெட்ட முட்டிதான் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிப்பதுதான் பாக்கி.

அவளுக்குக் கத்தி என்றால் பயம். அதைவிட, தனக்கு ஒன்றுமே இல்லையோ, தான் நடிக்கிறோமோ என்று பயம்.

மருத்துவர் நாட்காட்டியைத் திருப்பினார்.

ஓட்டுநருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் புரியல டாக்டர். தெருமுனை வரைக்கும் நடக்க மாட்டா. சூப்பர் மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போனா, டிராலியத் தள்ளிக்கிட்டு என் பஸ்ஸையே ஓவர்டேக் பண்ணுவா. ஒரு வரிசை விடாம சுத்துவா. கடைசியில வாங்குறது ஒரே ஒரு சோப்பு. வீட்டுல பீரோ பூரா சோப்புதான்."

செவிலியர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவளுக்குக் காது மடல் சுட்டது.

மருத்துவர் சிரிக்கவில்லை. நாட்காட்டியை மூடினார்.

"டிராலி மேல சாஞ்சுக்குவீங்களா?"

தலையசைத்தாள்.

மூலையில் பஞ்சும் கட்டுத்துணியும் வைத்த டிராலி ஒன்று நின்றது. அதை அவள் பக்கம் உருட்டிவிட்டார்.

"கொஞ்சம் குனிஞ்சு இதைத் தள்ளிட்டுப் போங்கம்மா."

ஜன்னலைத் தாண்டினாள். கதவைத் தாண்டினாள். தாழ்வாரத்தின் கோடி வரைக்கும் போய், பஞ்சு டப்பா கடகடக்கத் திரும்பி வந்தாள்.

மருத்துவர் தன் இடுப்புக்குப் பின்னால் கையை வைத்துக் காட்டினார்.

"கோளாறு இங்கன்னு தோணுது. கீழ்முதுகுல. இந்த வாதம் கை காலோட நிக்கணும்னு சட்டமா இருக்கு? நிமிர்ந்தா காலுக்குப் போற நரம்பு நெரியுது. குனிஞ்சா அதுக்குக் கொஞ்சம் இடம் கிடைக்குது. முதுகுக்கு ஸ்கேன் எடுத்துப் பாப்போம். முட்டிய இப்போதைக்கு விட்டுடலாம்."

"அப்ப நான் நடிக்கலையா டாக்டர்?"

"இவ்வளவு சரியா யாராலயும் நடிக்க முடியாதும்மா."

டிராலியை விட மனமில்லாமல் விட்டாள்.

வெளியே வரும்போது ஓட்டுநர் தோளைத் தாழ்த்திக் கொடுத்தார். அதில் சாய்ந்தபடி அவள் மெல்லச் சொன்னாள்.

"ஏங்க, நான் அங்க சாமான் வாங்கப் போகல. நடக்கத்தான் போனேன். அங்க மட்டும்தான் நடக்க வந்துச்சு."

"அப்புறம் எதுக்கு சோப்பு?"

"வெறுங்கையோட வெளிய வந்தா கடைக்காரங்க என்ன நினைப்பாங்க?"

அவர் வண்டிக் கதவைத் திறந்து பிடித்தார். அவள் உட்காரும்வரை காத்திருந்தார். பிறகு சாவியைப் போட்டு, வழக்கமாகத் திரும்பும் பக்கம் திரும்பாமல், சூப்பர் மார்க்கெட் பக்கம் வண்டியைத் திருப்பினார்.

"காலையிலதான் பாத்தேன்," என்றார். "வீட்டுல சோப்பே இல்ல."