உம்மு குல்சுமின் குளிசை

“அந்தக் குளிசையை ஒரே ஒரு நாளைக்கு நிப்பாட்ட ஏலாதா காக்கா?”

முன்வீட்டுப் பரீதா இப்படிக் கேட்டதும் முத்தலிப்புக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. பரீதாவுக்குப் பின்னால் கலீல் மாஸ்டர், அவருக்குப் பின்னால் தெருவில் பாதிப் பேர். எல்லோர் கையிலும் பங்கீட்டுக் கூப்பன் புத்தகம்.

“ஆர்ட குளிசையை?”

“உங்கட பொஞ்சாதிடதான். நாளைக்குச் சங்கக்கடையில அரிசி குடுக்கிறாங்க. குல்சும் ராத்தா ஒருக்கா வந்து, பழைய மாதிரி நாலு ஏச்சு ஏசினாப் போதும்.”

போன வருஷம் இதே பரீதாதான் வேலியைப் பிடித்துக்கொண்டு, “உங்கட பொஞ்சாதிட வாய்க்கு ஏதாவது வைத்தியம் பாருங்க காக்கா, இவ கிண்ணியாவில கத்தினா துறைமுகத்தில நிக்கிற கப்பல்காரனுக்குக் கேக்குது” என்றவள்.

அப்போது அவள் சொன்னதிலும் பொய் இல்லை. உம்மு குல்சும் மூன்று பேர் சோற்றை ஒருத்தியாகச் சாப்பிட்டும் எலும்பும் தோலுமாக இருந்தாள். சும்மா இருக்கும்போதே வியர்க்கும், கை நடுங்கும். தொட்டதற்கெல்லாம் வெடிப்பாள். தெரு கூடிப் பேசிப் பேய் என்று முடிவு கட்டியது.

முத்தலிப் துறைமுகத்தில் மாவு மூட்டை சுமக்கிறவர். முதுகில் இரண்டு மூட்டை ஏற்றினாலும் முனகமாட்டார். எதற்குமே முனகமாட்டார். ஆனால் ஒரு நாள் மனைவியின் நெஞ்சு அடித்த அடியில் முந்தானையே துடிப்பதைப் பார்த்து மனுசன் நடுங்கிப்போனார். அன்றே துறையைக் கடந்து திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

டொக்டர் அவள் கழுத்தைத் தடவிப் பார்த்து மாத்திரை தந்தார்.

“பேயும் இல்ல, பிசாசும் இல்ல. கழுத்தில இருக்கிற சுரப்பி அளவுக்கு மிஞ்சி வேலை செய்யுது. அதால நெஞ்சும் களைச்சுப் போச்சு. குளிசையை ஒரு நாளும் விடக்கூடாது. கோபப்படக்கூடாது, சத்தம் போடக்கூடாது. போட்டா உயிருக்கு நான் பொறுப்பில்ல.”

“அப்ப சங்கக்கடைக்கு ஆரு போறது?” என்று கேட்டாள் உம்மு குல்சும்.

“நான் போறன் புள்ள” என்றார் முத்தலிப்.

எதற்கும் இருக்கட்டும் என்று நாட்டு வைத்தியம் பார்க்கும் குணரத்தினம் பரியாரியாரிடமும் காட்டினார்கள். அவர், “குளிசையை விடாதே, அதோட என்ர பத்தியத்தையும் பிடி” என்று மோரும் கஞ்சியும் விடியற்காலைக் கடற்கரை நடையும் எழுதிக் கொடுத்துவிட்டு, சத்தம் போடாதே என்றார். பள்ளிவாசல் லெப்பை தண்ணீர் ஓதிக் கொடுத்தார். அவரும் சத்தம் போடாதே என்றார். பிறகு சுகம் வந்தபோது மூன்று பேரும் அது தங்கள் கைராசி என்றுதான் சொன்னார்கள்.

யார் கைராசியோ, மூன்றே மாதத்தில் அவளுக்குச் சதை பிடித்தது, நடுக்கம் நின்றது. தெரு அமைதியாகிவிட்டது.

சங்கக்கடை மனேஜர் ஸஹாப்தீனும் அமைதியாகத் தன் வேலையைத் தொடங்கினார். பாணுக்கும் வரிசை, சீனிக்கும் வரிசை என்றிருந்த எழுபத்துநாலாம் ஆண்டு அது. முதல் மாதம், அரிசி அளக்கும் கொத்துக்குள் அவருடைய பெருவிரல் போனது. அடுத்த மாதம் பாதிக் கையே போனது. முன்பென்றால் உம்மு குல்சும் வரிசையில் நின்று ஒரு சத்தம் போடுவாள். மனேஜர் விரலை வெளியே எடுத்து, தெரு முழுவதுக்கும் கூம்பாக அளந்து போடுவார். அந்தச் சத்தத்தைத்தான் இப்போது இரவல் கேட்டு வந்திருந்தார்கள்.

“பொது நன்மைக்காகத்தான் முத்தலிப்” என்றார் கலீல் மாஸ்டர். “ஒரு நாள் குளிசை தவறினா ஒண்டும் ஆகாது. நான் புத்தகத்தில வாசிச்சனான்.”

முத்தலிப்புக்கு எங்கிருந்துதான் வந்ததோ!

“வெக்கமில்லையா உங்களுக்கு? அவ கத்தினா வாய்க்கு வைத்தியம் பார் எண்டு சொல்றீங்க. வைத்தியம் பார்த்தா, வருத்தத்தைத் திருப்பிக் கொண்டா எண்டு கேக்குறீங்க! உங்கட ஒரு சுண்டு அரிசிக்கு என்ர பொஞ்சாதிட உசிரா விலை? போங்க எல்லாரும்!”

வேலியில் கட்டியிருந்த ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டு துள்ளியது. பரீதா இரண்டு அடி பின்னால் போனாள். மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முத்தலிப்புக்கே தன் குரலைக் கேட்டுப் பெருமையாக இருந்தது.

குசினி வாசலில் உம்மு குல்சும் வந்து நின்றாள். கையில் சோற்றுப் பானை. குரலைக் கொஞ்சமும் உயர்த்தவில்லை.

“பரீதா, மாஸ்டர், ஒண்டு கேக்கிறன். டொக்டர் குளிசை தந்தது எனக்கு மட்டும்தானே? சத்தம் போடாதே எண்டதும் எனக்குத்தானே? நீங்களெல்லாம் ஏன் மூணு மாசமா வாயைப் பொத்திக்கொண்டு நிண்டீங்க?”

எல்லோரும் மணலைப் பார்த்தார்கள்.

“அப்பிடிக் கேளு புள்ள!” என்று முத்தலிப் தொடையில் தட்டிச் சிரித்தார்.

உம்மு குல்சும் அவர் பக்கம் திரும்பினாள். அரைவாசிகூட நிறையாத பானையை அவருக்கு முன்னால் வைத்தாள்.

“இவ்வளவு சத்தம் உங்களிட்ட இருந்திருக்கு. கூப்பன் புத்தகத்தோட இதையும் கடைக்குக் கொண்டு போயிருக்கலாமே?”