அசனாலிக்கு ஊற்றிய தேநீர்

புதுப் பெண் சைக்கல், தேநீர்க் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பி, இரண்டு கைகளாலும் பிடித்து அசனாலியிடம் நீட்டினாள்.

அவர் வாங்கிக்கொண்டார். வாயருகே கொண்டுபோன போர்சோக் பலகாரத்தைக் கடிக்காமல் நாங்கள் அப்படியே இருந்துவிட்டோம்.

எங்கள் கிர்கிஸ் நாட்டுப் பக்கம் விருந்தாளிக்குக் கிண்ணத்தை நிரப்புவதில்லை. அரைக் கிண்ணத்துக்கும் குறைவாக ஊற்ற வேண்டும்; தீரத் தீர மறுபடி ஊற்ற வேண்டும். அதுதான் மரியாதை. நிரப்பிக் கொடுத்தால், குடித்துவிட்டு இடத்தைக் காலி செய் என்று பொருள். பால் குடிக்கும் பிள்ளைக்கும் இது தெரியும்.

சைக்கலுக்குத் தெரியாது. கிர்கிஸ் பெண்தான், ஆனால் ரஷ்யாவில் பிறந்து வளர்ந்தவள். ஆற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்க எங்கள் நீர்ப் பாதுகாப்புச் சங்கத்தில் அன்று காலைதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

இருப்பவர்களில் இளைய பெண்தான் தேநீர் ஊற்ற வேண்டும். கெட்டில் அவள் கைக்குப் போய்விட்டது. பாவம், தாராளமாக ஊற்றினால் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்துவிட்டாள்.

அசனாலியும் அன்றுதான் சேர்ந்தார். அவர் சேர்ந்தது நிர்வாகக் குழுவில்.

எங்கள் ஆற்றுக்கு வந்து சேரும் சுனைகளில் ஒன்று, மலைமேல் அவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவருடைய ஆடுகள் அதைச் சுற்றி மிதித்து மிதித்துச் சேறாக்கும். அந்தச் சேறு கீழே எங்கள் குழாயில் வரும்.

சுனைக்கு வேலி போட விடுங்கள் என்று அவர் வாசலுக்கு வருடக்கணக்கில் நடையாய் நடந்தோம். "அதுக்கு எதுக்குய்யா வேலி? சுனை என்ன எந்திரிச்சு ஓடியா போயிடும்?" என்று சிரித்து அனுப்பிவிடுவார்.

முந்தின வாரம் என்ன தோன்றியதோ, குழுவில் சேர்கிறேன் என்று அவரே ஆள் அனுப்பினார். அதற்கு முன்பே குழாயில் சேறு வருவது நின்றிருந்தது. மனுஷன் மனம் மாறி ஆடுகளை வேறு பக்கம் ஓட்டிவிட்டார் என்று நாங்கள் வாயார வாழ்த்திக்கொண்டிருந்தோம்.

அன்று கதவுக்கு எதிரே, ஆக மதிப்பான இடத்தில் அவரை உட்காரவைத்து, முதல் கிண்ணத்தையும் அவருக்கே கொடுத்தோம். கொடுத்த லட்சணம் இது.

எழுந்து போனால் திரும்பி வர மாட்டார். கல்யாண விருந்தில் தனக்குரிய கறித்துண்டை வேறொருவருக்கு வைத்ததற்காகச் சொந்தச் சம்பந்தியோடு பேச்சை விட்டவர். அவர் போனால் வேலி போச்சு. எங்கள் நல்ல தண்ணீரும் போச்சு.

தலைவி குல்பாரா அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அண்ணே, பொண்ணு ஊருக்குப் புதுசு. மனசுல வெச்சுக்காதீங்க. கொடுங்க, வேற ஊத்தித் தரச் சொல்றேன்" என்று கிண்ணத்துக்குக் கை நீட்டினார்.

அசனாலி கொடுக்கவில்லை.

கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஊதிக்கூடப் பார்க்காமல் மடமடவென்று குடித்தார்.

நான் மனதுக்குள் வேலியைத் தலைமுழுகிவிட்டேன். ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அந்தப் பெண்ணுக்கும் புரிந்திருந்தது. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவளைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அசனாலி மீசையைத் துடைத்துக்கொண்டு, காலிக் கிண்ணத்தை அவளிடமே நீட்டினார்.

"இன்னொன்னு ஊத்தும்மா, இதே மாதிரி. மேல சுனை வத்திப்போச்சு. எங்க வீட்ல கொஞ்ச நாளா எல்லாருக்கும் அரைக் கிண்ணம்தான். மரியாதைக்கு இல்ல."