சிரிக்காத படம்

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதுவும் ஒரே நடையில் முடிந்துவிடக் கூடாது. மனுசனை நாலு தரம் அலையவிட்டால்தான் ராத்திரி தூக்கம் வரும் போலிருக்கிறது. இப்போது பாருங்கள், பெண்பிள்ளை சிரித்துவிட்டாளாம், அது ஒரு குற்றமாம்.

“இந்தப் படம் ஆகாதுய்யா.” டாக்டரம்மா படத்தை மேசையின் ஓரத்துக்குத் தள்ளினாள். “சிரிக்கிறாங்க. தலையில பூ வேற. ஒரு காதையே மறைச்சிருச்சு.”

“சிரிச்ச மூஞ்சிதேன் லட்சணம். உம்முனு இருக்கிற மூஞ்சியப் பாத்து எவன் சரிங்குவான்?” என்றார் காசிமாயன்.

“அது பொண்ணு பாக்க வர்றவங்களுக்கு. மேல்படிப்புக்கு ஆள் எடுக்கிறவங்க அடையாளத்துக்குத்தான் மூஞ்சியப் பாப்பாங்க.”

காசிமாயனின் மகள் பாண்டியம்மாளும் டாக்டர்தான். குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை. மெட்ராசில் குழந்தை வைத்தியம் படிக்க இந்த ஜில்லாவுக்கென்று இருப்பது ஒரே ஒரு இடம்; அதற்கான மனுவை இன்றைக்குத் தபாலில் சேர்த்தாக வேண்டும்.

தோட்டத்துக் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் வயிற்றுப்போக்கு கண்டிருந்தது. அவளால் கீழே இறங்க முடியவில்லை. மனுவை எழுதி ஜீப்பில் கொடுத்துவிட்டிருந்தாள். படத்தை ஒட்டி, ‘இது இன்னார்தான்’ என்று சர்க்கார் ஆபீசர் ஒருவரிடம் கையெழுத்து வாங்கிப் போடுவது அப்பாவின் சோலி. அதற்குத்தான் காலையிலிருந்து போடியைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். ரெண்டு ஆபீசில் ஆளில்லை. மூன்றாவதாக இந்த சர்க்கார் ஆஸ்பத்திரி.

“பாண்டியம்மாளை எனக்கு நல்லாத் தெரியும். மலையிலருந்து கேஸ் அனுப்பி வைப்பாங்க,” என்றாள் டாக்டரம்மா. “வேற படம் எடுக்கலையா?”

“ஸ்டுடியோக்காரன் இன்னொண்ணும் எடுத்தான். அதுல எம் மக எழவு வீட்டுக்குப் போய்ட்டு வந்தவ மாதிரி இருந்தா. அதைப் பிரிண்டே போடாதடான்னுட்டேன்.”

“அதைக் கொண்டாங்க.”

“ஏந் தாயி, தள்ளினா எம் மக மனுவத்தான தள்ளப் போறாங்க? ஒங்களுக்கு என்ன வந்துச்சு? ஒத்தக் கையெழுத்துப் போட்டு விட்டீங்கன்னா நான் பாட்டுக்குப் போயிருவேன்ல?”

அவள் இருமிக்கொண்டிருந்த ஒரு பிள்ளையைத் தட்டிக்கொடுத்தாள்.

“போன வருசம் ஒரு பொண்ணு இப்பிடித்தான், பூவோட சிரிச்ச படத்தை ஒட்டி அனுப்புச்சு. மனு திரும்பி வந்திருச்சு. ஒரு வருசம் வீணாப் போச்சுய்யா. வெரசாப் போய்ட்டு வாங்க.”

ஸ்டுடியோவில் படம் எடுத்த சுருளிவேல் சோற்றில் கைவைத்திருந்தான். சங்கதியைக் கேட்டதும், “நான் அன்னைக்கே சொன்னேன்ல மாமா?” என்றான்.

“நீ என்னத்தடா சொன்ன? பூ வச்சா எடுப்பா இருக்கும்னதே நீதேன். மொதல்ல கையக் கழுவுடா.”

அவன் இருட்டறைக்குள் போய் வெளியே வருவதற்குள் காசிமாயன் பெஞ்சிலேயே ரெண்டு தூக்கம் போட்டுவிட்டார். ஈரம் காயாத படத்தை ஓரத்தில் பிடித்துக்கொண்டு, வெயிலில் மறுபடியும் நடந்தார்.

ஆஸ்பத்திரியில் கூட்டம் குறையவே இல்லை. டாக்டரம்மாவின் தூக்குச்சட்டி காலையில் பார்த்த இடத்திலேயே, திறக்காமல் இருந்தது. அவரைப் பார்த்ததும் அவளே கைகாட்டிக் கூப்பிட்டாள்.

படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். “இதான். ரெண்டு காதும் தெரியுது.” அவளே பசை தடவி ஒட்டினாள். பாதி படத்திலும் பாதி தாளிலுமாகப் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி, ஊதிக் காயவைத்தாள்.

“பதிவுத் தபால்ல போடுங்க. சும்மா பெட்டிக்குள்ள போட்டுட்டுப் போயிராதீங்க. ரசீது வாங்கிக்கங்க.”

காசிமாயன் நின்றார். இனிமேல்தான் ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தார். அவளோ அடுத்த பிள்ளையின் வாயைத் திறக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டிருந்தால்கூட அவருக்கு மனசு ஆறியிருக்கும். சும்மா உதவி செய்கிற ஆபீசரை அவர் தம் ஆயுசில் பார்த்ததில்லை. இதில் எங்கேயோ இடிக்கிறது.

வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த ஆயா ஒச்சம்மாளிடம் குனிந்து கேட்டார். “ஏத்தா, இந்தம்மாவுக்கு எம் மக மேல எதுக்கு இம்புட்டு அக்கறை? இதுல அதுக்கு என்ன ஆதாயம்?”

“ஆதாயமா? நல்லாக் கேட்ட போ!” ஒச்சம்மாள் விளக்குமாற்றை நிறுத்தினாள். “போன வருசம் மனு திரும்பி வந்ததே இந்தம்மாவுக்குத்தேன். இந்த வருசமும் அந்த ஒத்த எடத்துக்கு எழுதிப் போட்டிருக்கு, அப்பு.”

காசிமாயன் திரும்பிப் பார்த்தார். பிள்ளையின் நெஞ்சில் குழாயை வைத்தபடி டாக்டரம்மா கண்ணை மூடியிருந்தாள். காதுகொடுத்துக் கேட்கிறாளா, அசந்துவிட்டாளா, தெரியவில்லை.

அவர் மனுவைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு தபாலாபீசைப் பார்த்து நடந்தார்.

“அதான பாத்தேன்! சிரிச்ச படத்தை எதுக்கு வேணாம்னான்னு! அது போயிருந்தா எடம் எம் மகளுக்குல்ல கெடைச்சிருக்கும்!”