மேனேஜரின் காது

எழிலனுக்குப் பிறவியிலேயே பேச்சு குழறும். அவன் நடித்த தொலைக்காட்சிப் படத்தின் கதையும் அதுதான்: பேச்சு குழறும் ஒருவன் வேலை கேட்டு ஒரு கம்பெனிக்கு நடையாய் நடக்கிறான். அந்தக் குழறலுக்காகத்தான் அவனைத் தேடிப் பிடித்து நடிக்க வைத்திருந்தார்கள்.

படம் ஒளிபரப்பான அன்று மனைவி தர்ஷினியோடும் மாமியார் சங்கீதாவோடும் உட்கார்ந்து பார்த்தான். திரையில் அவன் வாயைத் திறந்ததும், செய்தி வாசிப்பவரைப் போல மணிமணியாகப் பேச்சு வந்தது. குரல் அவனுடையதுதான், குழறலைத்தான் காணோம். இப்போதெல்லாம் யார் பேசினாலும் வீட்டு டிவியே பேச்சைத் திருத்திக் கொடுத்துவிடுகிறது.

"அம்மா, அந்தத் திருத்தத்தைக் கொஞ்சம் அணைச்சிடும்மா," என்றாள் தர்ஷினி.

"சும்மா இருடி, நல்லாத்தானே இருக்கு," என்று ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டார் சங்கீதா.

படத்தில் மேனேஜர், "நீங்க சொல்றது ஒண்ணும் புரியலயே. கூட யாரையாவது கூட்டிட்டு வாங்க," என்று மறுபடியும் எழிலனைத் திருப்பி அனுப்பினார். அந்தக் காட்சியில் அவன் நடிக்கவே வேண்டியிருக்கவில்லை.

சங்கீதாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மாப்ள இவ்ளோ தெளிவாச் சொல்றாரு, இந்த ஆளுக்குக் காது என்ன செவிடா? இவனையெல்லாம் எவன் மேனேஜரா வச்சான்?"

எழிலனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அவருக்குக் காது நல்லாத்தான் கேக்கும், அத்தை," என்றான்.

சங்கீதா அவன் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு எப்போதும்போல மகள் பக்கம் திரும்பினார்.

"மாப்ள என்னடி சொல்றாரு?"