தாத்தா விழுந்த இடம்

கண்ணாடிக் கதவுக்கு வெளியே அப்பாவின் தலை மறுபடியும் தெரிந்தது. இத்தோடு ஒன்பதாவது முறை.

ஒரு கோப்புக்கு ஒருவர்தான் உள்ளே வரலாம் என்று ஆவணக் காப்பக எழுத்தர் கறாராகச் சொல்லிவிட்டார். அதனால் மகள் உள்ளே, அப்பா வராந்தாவில். உட்காரப் பெஞ்சு இருக்கிறது. ஆனால் எண்பது வயதில் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்துகொண்டிருந்தார்.

மணி நாலு நாற்பது. ஐந்துக்குத் தாத்தாவின் ராணுவக் கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மனுமேல் மனு போட்டு, மூன்று முறை 'இல்லை' என்று பதில் வந்து, கடைசியில் கிடைத்தது. அவளுக்குக் கை ஓடவில்லை.

தாத்தா பாராசூட் படைவீரர். போரில் எங்கேயோ விமானத்திலிருந்து குதித்தபோது கால் உடைந்ததாம். எந்த ஊர் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு முறைப்புதான் பதில். சாகும்வரை வாயைத் திறக்கவில்லை.

அந்தக் காலை நினைத்தால் அப்பாவுக்கு வயிறு எரியும். ஒரே பிள்ளை. ஆனால் நாலு வயதுக்குப் பிறகு தன் அப்பாவின் தோளில் ஏறியதே இல்லை.

"காலை நாட்டுக்குக் குடுத்துட்டாரு. எனக்கு அந்தக் கைத்தடியைத்தான் மிச்சம் வெச்சாரு." இதைச் சொல்லிச் சொல்லியே அவரும் கிழவராகிவிட்டார்.

அப்படிப்பட்டவர் போன வருஷம் திடீரென்று, அந்த இடம் எதுவென்று கண்டுபிடித்துக் கொடு என்றார். ஒரு தடவை அங்கே போய் நிற்க வேண்டுமாம். நின்றால் கோபம் தீர்ந்துவிடுமாம். கையோடு பாஸ்போர்ட்டையும் புதுப்பித்துக்கொண்டார்.

முதல் தாளில் தாத்தா குதித்த தேதிகள் இருந்தன. பதினொரு முறை. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே சொல்: நலம்.

அவள் திரும்ப எண்ணினாள். பதினொன்றுதான். ஒரு கீறல்கூட இல்லை.

அடுத்தது மருத்துவரின் தாள். வலது கால், இரண்டு இடத்தில் முறிவு. இனி குதிக்கத் தகுதியில்லை. சம்பவம் நடந்தபோது வீரர் விடுமுறையில் இருந்தார்.

இடம் என்ற கட்டத்தில் ஒரு வீட்டு முகவரி. இன்று காலை அப்பா பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிய அதே வீடு.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெரிய மனுஷர், வீட்டில் தடுக்கி விழுந்துவிட்டு ஊரையே நம்பவைத்திருக்கிறார். இதை எந்த வாயால் அப்பாவிடம் சொல்வது?

வராந்தாவில் செருப்புச் சத்தம் நின்றது. அப்பா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, 'என்ன?' என்று தலையை ஆட்டினார். அவள் ஒரு விரலைக் காட்டிவிட்டு அவசரமாகத் தாளைத் திருப்பினாள்.

விசாரணைக்குத் தாத்தா தன் கையாலேயே எழுதிக் கொடுத்த வாக்குமூலம். எட்டே வரி.

'என்னைப் போலக் குதிக்க ஆசைப்பட்டுப் பிள்ளை மொட்டைமாடிச் சுவரில் ஏறிவிட்டான். பாராசூட் என்று போர்வையை விரித்துப் பிடித்திருந்தான். நான் கொல்லைப்புறம் ஓடி வரவும் அவன் குதிக்கவும் சரியாக இருந்தது. ஏந்திக்கொண்டேன். படியில் கால் மாட்டிப் பின்னால் சாய்ந்தேன். விழும்போது உருள வேண்டும் என்பதே எங்கள் பயிற்சி. உருண்டிருந்தால் கால் தப்பியிருக்கும். கையில் பிள்ளை இருந்ததால் உருளவில்லை.'

அவள் தாளை இன்னும் கிட்டே இழுத்தாள்.

கீழே, சாட்சி உண்டா என்ற அச்சடித்த கேள்விக்கு எதிரே அதே கையெழுத்து, கொஞ்சம் அழுத்தமாக:

'ஒருவன். வயது நான்கு. அடி எதுவும் இல்லை. அவனிடம் கேட்க வேண்டாம். போரில் உடைந்தது என்று சொல்லியிருக்கிறேன்.'

கதவு திறந்தது. எழுத்தர் "ஐயா, ஐயா" என்று எழுந்து வருவதற்குள் அப்பா மேஜைக்கே வந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

"எடம் தெரிஞ்சுதாம்மா? ரொம்பத் தூரமா?"

அவள் எழுந்து, சின்ன வயதில்கூடப் பிடித்திராத மாதிரி அவர் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"பக்கந்தான்ப்பா. வாங்க, காட்டறேன்."